நெய்யாத துணியோடு ஆனைமலைக்கு

என்னோடு பாலிடெக்னிக்கில் ஜவுளி படித்த இரண்டு பேர் வேலை விஷயமாக வியட்நாம் போய்விட்டு வந்து, அங்கே குடித்த காபி வரைக்கும் படம் போட்டிருந்தார்கள். பாஸ்போர்ட் என்னிடமும் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் அந்த நீலப் புத்தகத்தைக் கையில் வாங்கிய முதல் ஆள் நான்தான். ஆனால் என்னை எங்கள் கம்பெனி அனுப்பியது ஆனைமலைக்கு. பாஸ்போர்ட்டில் முத்திரை விழவில்லை. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார், லக்கேஜுக்குத் தனியாக இன்னொன்று.

கம்பெனி இருப்பது கருமத்தம்பட்டியில். நாலு பக்கமும் விசைத்தறிச் சத்தம். நடுவில் நாங்கள் மட்டும் நெய்யாமல் துணி செய்கிறோம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகளை வாங்கி, மறுபடியும் பஞ்சாகப் பிய்த்து, கொஞ்சம் பாலியஸ்டர் கலந்து, பாய் மாதிரி பரப்பி மிஷினுக்குள் விடுவோம். உள்ளே பலகை நிறைய ஊசிகள். ஒவ்வொரு ஊசியின் ஓரத்திலும் சின்னச் சின்ன முள் இருக்கும். அது மேலே கிடக்கும் இழையைப் பிடித்துக் கீழே இழுத்துச் சிக்க வைக்கும். குத்தக் குத்தச் சிக்கல், சிக்கச் சிக்கப் பலம். நீளவாக்கில் பாவும் கிடையாது, குறுக்கே ஊடையும் கிடையாது. வெளியே வருவது ஃபெல்ட்.

பக்கத்துத் தறிக்காரர் வாரம் ஒரு முறையாவது வந்து அதை நகத்தால் கிள்ளிப் பார்ப்பார். ஒரு நூலை உருவிவிட வேண்டும் அவருக்கு. "ஏனுங், நூலையே காணமுங்களே! இதப் போயி துணிங்கறீங்க?" என்பார். அவரைப் பொறுத்தவரை நாங்கள் செய்வது அழுத்திய பஞ்சுமிட்டாய்.

இவ்வளவு நாளும் எங்கள் ஃபெல்ட்டை ஒரு மெத்தைக் கம்பெனி வாங்கிக்கொண்டிருந்தது, ஸ்பிரிங்குக்கு மேலே போட. அவர்கள் ஃபோமுக்கு மாறிவிட்டார்கள். கிளம்பும் முன் சொல்லிக்கொள்ள முதலாளியம்மா அறைக்குப் போனேன். விஜயா மேடம் போனில் மாமியாரோடு தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். தெலுங்கு எனக்கு அரைகுறையாகப் புரியும் என்பது அவருக்குத் தெரியாது. அவர் சொன்னது இதுதான்: "பையன் ஆனைமலைக்குப் போகிறான். அந்த நாற்றுப் பண்ணை இந்தத் தடவையும் வேண்டாம் என்றுவிட்டால் ஊசி மிஷினை விற்றுவிட வேண்டியதுதான். பையனுக்கு வேறு இடத்தில் சொல்லிவைக்க வேண்டும், பாவம்." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "வாங்க கதிரு. சந்தோசமாப் போயிட்டு வாங்க." நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

இந்தத் தடவையும் என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஆனைமலையில் சாந்தாமணி அக்கா தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகளை, அடியில் ஓட்டை உள்ள குழித்தட்டுகளில் வளர்த்து விற்கிறார். மத்தியான வெயிலில் தட்டு காய்ந்துவிடுகிறது. தட்டுக்கு அடியில் எங்கள் ஃபெல்ட்டை விரித்து நனைத்துவைத்தால், வேண்டிய தண்ணீரை நாற்றே அடிவழியாக உறிஞ்சிக்கொள்ளும். இது என் யோசனை. முதல் தடவை தண்ணீர் அருமையாக ஏறியது. தண்ணீரைத் தேடி வேரும் அருமையாக இறங்கிவிட்டது, ஃபெல்ட்டுக்குள்ளேயே. தட்டைத் தூக்கினால் வேர் அறுந்து நாற்றெல்லாம் துவண்டு போயிற்று. அவர் சரி என்றால் சுற்று வட்டாரத்துப் பண்ணைகள் எல்லாம் வாங்கும். இல்லை என்றால் மேடம் போனில் சொன்னதுதான். இம்முறை ஊசிக் குத்தைக் கூட்டி, ஃபெல்ட்டை இன்னும் இறுக்கமாகச் செய்திருந்தோம். தட்டு அளவுக்கு வெட்டிய துண்டுகளைச் சுருட்டிக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் நாள் திருப்பூரில் ஒரு எம்பிராய்டரி யூனிட்டுக்கு சாம்பிள் கொடுக்கப் போனேன். அங்கே பனியன் துணிக்கு அடியில் வெள்ளையாக ஒன்றை வைத்துப் பூ போட்டுக்கொண்டிருந்தார்கள். பூ சுருங்காமல் நிற்பதற்காக. வேலை முடிந்ததும் ஓரத்தைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். "பேப்பர் நல்லா இருக்குதுங்களே" என்று சோதிப்பதற்காகக் கேட்டேன். "ஆமாங்க, நல்ல பேப்பரு" என்றார் மிஷின்காரர். அது பேப்பர் இல்லை, இழைகளைப் பசையால் ஒட்டிய நெய்யாத துணி என்று ஐந்து நிமிஷம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அப்படீங்களா, நொம்ப சந்தோசமுங்க," என்றவர் உள்ளே திரும்பி, "அம்மணி, பேப்பர் தீந்துபோச்சு, இன்னொரு ரோலு எடு!" என்று குரல் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் மறுப்பைக்கூட மரியாதையாகத்தான் சொல்வார்கள்.

காங்கேயம் வழியாக வெள்ளகோவில் போகிற பஸ்ஸில் நிற்க இடமில்லை. இறங்கும் வழியில் சுருளை நிறுத்திவைத்திருந்தேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் அதைப் படுக்கப் போட்டு ஒரு அம்மா உட்கார்ந்துவிட்டார்.

"என்னுங்க தம்பி இது, மெத்தைங்களா?"

"இல்லீங்க. நாத்துக்கு அடியில போடறதுங்க."

"நாத்துக்கு மெத்தையா! கொடுத்துவெச்ச நாத்து," என்று சொல்லி, பக்கத்தில் நின்ற இன்னொருவருக்கும் நகர்ந்து இடம் கொடுத்தார். இரண்டு பேரும் காங்கேயம் வரை அதில் சுகமாக வந்தார்கள். இறங்கும்போது சுருள் தோசைபோலத் தட்டையாகிக் கன்னாபின்னாவென்று மடிந்திருந்தது.

அன்று ராத்திரி தங்கியது வெள்ளகோவிலில், என் அக்கா செல்வி வீட்டில். மாமா தறிக்குப் போகிறார். அக்கா வீட்டிலேயே ஒரு பெட்ஷீட் வியாபாரிக்கு இஸ்திரி போட்டு, மடித்து, பாக்கெட் செய்துகொடுக்கிறாள். வாசல் தாண்டினால் பெட்ஷீட், கட்டில் மேல் பெட்ஷீட். அவற்றுக்கு நடுவில் உட்காரவைத்து அரிசிம்பருப்பு சாதத்தில் நெய்யைக் கொட்டினாள். பாலிடெக்னிக் ஹாஸ்டலிலும் இதே சாதம் செய்வார்கள். அங்கே அரிசிக்கும் பருப்புக்கும் அறிமுகமே இருக்காது. "இன்னும் சித்த உண்ணு சாமி. ஆனைமலையில உனக்கு ஆரு சோறு போடறாங்க?" என்று மறுபடி கொட்டினாள்.

மறுநாள் காலை குளித்துக்கொண்டிருந்தபோது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. ஈரத் தலையோடு ஓடிவந்தேன். அக்கா கையில் இஸ்திரிப் பெட்டி. எதிரே என் ஃபெல்ட் துண்டுகள், அடுக்கி வைத்த பூரிபோல. மேல்பக்கம் எல்லாம் கண்ணாடி மாதிரி மின்னியது. கடைசித் துண்டு மட்டும் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது.

"என்ன பண்ணிப்போட்ட?"

"கசங்கிக் கெடந்துச்சு. கஸ்டமரு முன்னால இப்படியா கொண்டுபோயி வெப்பாங்க? நீ படிச்ச லச்சணம் இதானான்னு கேக்க மாட்டாங்க?" என்றவள் என் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினாள். "மொதல்ல பளபளன்னு நல்லாத்தான் வந்துச்சு கண்ணு. இதுலதான் வாசம் வந்துச்சு."

தேய்க்காத துணி எதுவும் அவள் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. வெள்ளகோவிலில் பெட்ஷீட் தேய்க்கிற யார் கையில் கொடுத்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். பருத்திக்கு அந்தச் சூடு ஒன்றும் செய்யாது. ஃபெல்ட்டில் கலந்திருந்த பாலியஸ்டர் உருகி, மேல்பக்கம் தோல் கட்டிவிட்டது. அடிப்பக்கம் பழையபடி மெத்தென்று இருந்தது. அக்கா அழுதுவிடுவாள் போலிருந்ததால் நான் சிரித்துவைத்தேன். வேறு துண்டு வெட்டி அனுப்பச் சொல்ல நேரமில்லை. சாந்தாமணி அக்கா அன்றைக்குத்தான் பாதி வளர்ந்த நாற்றுத் தட்டுகளைப் பந்தலுக்குள் இறக்குகிறார். மேடத்துக்குப் போன் செய்யத் தைரியமும் இல்லை. ஒட்டிய துண்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு, மிச்சத்தை எடுத்துக்கொண்டு தாராபுரம் பஸ்ஸைப் பிடித்தேன்.

அன்று அமாவாசை. பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகிற எல்லா பஸ்ஸிலும் மாசாணியம்மன் கோயில் கூட்டம். எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்கள் மலையாளத்தில் பேசிக்கொண்டதைத் தமிழில் தருகிறேன். "பார், கோயிலுக்குப் போகிறவன் படுக்கையோடு வருகிறான்." "பெரிய வேண்டுதல் போலிருக்கிறது." அது ஒன்றும் பொய்யில்லை.

சாந்தாமணி அக்கா நிழல்வலைப் பந்தலுக்குள் நின்றிருந்தார். தலையில் துண்டு, கையில் ஹோஸ். என்னைப் பார்த்ததும், "வாங்க தம்பி, என்ற நாத்தைக் கொன்னது போதாதுங்களா?" என்று வரவேற்று, உடனே மோரும் கொடுத்தார். மோரைக் குடித்துவிட்டு இஸ்திரிக் கதையைச் சொன்னேன். ஹோஸைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "உங்கக்கா நாத்தையும் தேய்ச்சுக் குடுப்பாங்களா கேளுங்க, வரிசையா நிக்கட்டும்."

விரிக்கும்போதுதான் தகராறு வந்தது. மின்னுகிற பக்கத்தை நான் அடியில் போட்டேன். அவர் திருப்பிப் போட்டார்.

"அக்கா, அந்தத் தோல் வழியாத் தண்ணி ஏறாதுங்க. மெத்துனு இருக்கறதுதானுங்க மேல வரோணும்."

"ஏனுங் தம்பி, ஊட்டுல பெட்ஷீட் விரிச்சா நல்ல பக்கத்தை அடியிலயா போடுவீங்க? பாக்கறதுக்கு லச்சணமா இருக்க வேண்டாமுங்களா? வேவாரிக கேரளாவுலருந்து வாராங்க."

நான் படித்ததை எல்லாம் சொன்னேன். அவர் தன் பந்தல், தன் நாற்று என்றார். கடைசியில் ஒரு சமாதானம். ஒரு வரிசை என் இஷ்டப்படி, மெத்தென்ற பக்கம் மேலே. எதிர் வரிசை அவர் இஷ்டப்படி, மின்னுவது மேலே. இரண்டையும் நனைத்தோம். என் வரிசை தண்ணீரை உடனே குடித்தது. அவர் வரிசையில் தண்ணீர் மணிமணியாக உருண்டு நின்றது, மிச்சம் ஓரம் வழியாக அடியில் வடிந்தது. "அடுத்த வாரம் வாங்க, பாக்கலாம்," என்றார். இந்தத் தண்ணீர் ஏறாத வரிசை காய்ந்து போனால் பழி ஃபெல்ட்டின் மேல்தான் விழும் என்று எனக்குத் தெரியும். ஆனால் துண்டுகளைப் பிடுங்கிக்கொண்டு வரவா முடியும்?

அந்த வாரம் முழுக்க ஃபெல்ட்டுக்கு வேறு வழி தேடி, நாற்று நினைப்பாகவே சுற்றினேன். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னை நார் ஆலைக்குப் போனேன். உள்ளே நுழையும் முன்பே தெரிந்த சத்தம்: எங்களுடையதைப் போலவே ஊசி மிஷின், தேங்காய் நாரைக் குத்திக்கொண்டிருந்தது. மலைச் சாலை ஓரத்தில் மண் சரியாமல் இருக்க இந்த நார் ஃபெல்ட்டை விரித்துப் புல் விதைக்கிறார்களாம். புல் வேர் பிடிப்பதற்குள் நார் மக்கிவிடும். "உங்குளுக்கு வேர் உள்ள போனா நட்டம். எங்குளுக்கு வேர் உள்ள போனாத்தானுங்க லாவம்," என்றார் முதலாளி, இளநீரைச் சீவிக்கொண்டே. ஆறுதலாக இல்லை. இளநீர் நன்றாக இருந்தது.

கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரிச் சாமான் விற்கிற கடைக்காரர் எனக்காக ஒரு முகக்கவசத்தைக் கத்தரியால் வெட்டிக் காட்டினார். வெளித் தாள்கள் இரண்டும் உருகிய பிளாஸ்டிக்கை நூலாக இழுத்துப் பரப்பிச் சூட்டில் ஒட்டியவை. கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கும், துணி என்று எல்லாரும் நம்புகிற பளிச் நிறப் பையும் அதே வம்சம்தான். நடுத் தாள் வேறு: உருகியதைச் சூடான காற்றால் ஊதி ஊதிச் சிலந்தி வலையை விட மெல்லியதாக ஆக்கியது. தூசியைப் பிடிப்பது அதுதான். பக்கத்தில் குழந்தைகளைத் துடைக்கும் ஈரத்தாள். அதைத் தண்ணீரைப் பீய்ச்சியே சிக்க வைக்கிறார்கள். ஊசியும் இல்லை, சூடும் இல்லை, பசையும் இல்லை. "துணிக்கடையில இருக்க வேண்டியதெல்லாம் மருந்துக் கடையில இருக்குதுங்க," என்றேன். "நம்முளுக்குத் துணின்னா வேட்டிதானுங்க," என்றார் அவர்.

காந்திபுரத்தில் ஒரு தள்ளுவண்டியில் காளான் சாப்பிட்டேன். எங்கள் ஊர்க் காளானில் முட்டைக்கோஸ்தான் அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. பிறகு ஒரு பேக்கரியில் டீ கேட்டதற்குக் கோப்பையில் வெந்நீரும் நூல் கட்டிய பையும் வந்தது. அந்தப் பையும் நெய்யாத துணிதான், காகிதம் செய்வதுபோல இழையைத் தண்ணீரில் கரைத்து வடித்தது. தண்ணீர் உள்ளே போகிறது, சாறு வெளியே வருகிறது, தூள் மட்டும் வருவதில்லை. அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்தவர், "ஏனுங், டீ குடிக்கறீங்களா, மீன் புடிக்கறீங்களா?" என்றார்.

சொன்னபடி அடுத்த வாரம் ஆனைமலை. இந்தத் தடவை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஜன்னல் ஓரம் தென்னந்தோப்பு, அதற்கு மேலே நீலமாக மலை. எதுவும் மனசில் பதியவில்லை. பந்தல் வாசலில் ஒரு வேன் நின்றது. கேரள வியாபாரி ஒருவர் நாற்று எடுக்க வந்திருந்தார். சாந்தாமணி அக்கா என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "நல்ல நேரத்துக்கு வந்தீங்க. வாங்க, தூக்கிப் பாத்தரலாம்," என்றார்.

முதலில் என் வரிசை. இலைகள் பச்சென்று நின்றன. தட்டைத் தூக்கினார், தட்டோடு ஃபெல்ட்டும் எழும்பியது. இழுத்தால் அறுந்தது. அடியில் வெள்ளை வெள்ளையாக வேர், ஃபெல்ட்டுக்குள் பின்னிக்கொண்டு. இறுக்கிக் குத்தியதெல்லாம் வீண். நாற்று தலை சாய்ந்தது. அவர் தட்டைக் கீழே வைத்தார்.

எதிர் வரிசைக்குப் போனோம். அங்கேயும் இலை பச்சைதான், கொஞ்சம் குட்டை, ஆனால் வாடவில்லை. அவர் ஒரு தட்டின் ஓரத்தைப் பிடித்து மெதுவாகத் தூக்கினார். தட்டு தனியாக வந்தது. இட்லித் தட்டு கொப்பரையிலிருந்து வருகிற மாதிரி, அப்படியே. அடியில் ஒவ்வொரு குழியின் ஓட்டையிலும் வேர் நுனி எட்டிப் பார்த்துவிட்டு நின்றிருந்தது. மின்னுகிற தோலில் ஒரு வேர்கூட இறங்கவில்லை. கையை வைத்துப் பார்த்தேன்; ஈரம் இருந்தது. ஊசி குத்திய துளைகள் முழுவதும் அடையவில்லை. அடியில் தேங்கிய தண்ணீர் அந்தத் துளைகள் வழியாகச் சொட்டுச் சொட்டாக மேலே கசிந்திருக்கிறது. தண்ணீருக்கு வழி, வேருக்குச் சாத்திய கதவு.

அடுத்த தட்டு. அதற்கடுத்தது. எல்லாம் சுத்தமாக வந்தன. கேரளக்காரர் ஒரு நாற்றை உருவி வேரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தன் டிரைவரிடம் மலையாளத்தில் சொன்னார்: "இந்த வரிசையை மட்டும் ஏற்று. அந்த வரிசை வேண்டாம்."

"அக்கா, உங்களுக்கு எப்படீங்க தெரிஞ்சுது?" என்றேன்.

"எனக்கென்னுங்க தெரியும்? லச்சணமா இருக்கட்டும்னு போட்டேன்." அதற்குள் அவருக்குச் சிரிப்பு திரும்பியிருந்தது. "இந்தப் பந்தல் பூராவுக்கும் வேணுமுங்க தம்பி. அக்கட்ட என்ற கொழுந்தனாரு பண்ணை இருக்குது, அவருக்கும் சொல்லிப்போடறேன். ஆனா இதே மாதிரி பளபளன்னு வரோணும். சும்மா ஃபெல்ட்டு கொண்டாந்தீங்கன்னா மோரு கெடைக்காது."

வரப்பில் நின்றுகொண்டே மேடத்துக்குப் போன் செய்தேன். ஆர்டர் என்றதும் சந்தோஷப்பட்டார். ஒரு பக்கம் இஸ்திரி போட வேண்டும் என்றதும், "என்னுங்க?" என்றார். முழுக் கதையையும் சொன்னேன். மறுமுனையில் தெலுங்கில் யாருக்கோ கத்திச் சொல்வது கேட்டது: "அத்தம்மா, மிஷினை விற்க வேண்டாம்! அந்தப் பையனுடைய அக்கா தேய்த்துவிட்டாளாம்!" பிறகு தமிழுக்கு வந்தார். "கதிரு, சூடான ரோலர் ஒண்ணு மிஷினுக்கு அடுத்து, துணி வெளிய வர்ற எடத்துல வெச்சுக்கலாமுங்க. எத்தனை டிகிரின்னு மட்டும் உங்கக்காகிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

அக்காவைக் கூப்பிட்டேன்.

"டிகிரியா? சூடு திருகற குமிழு ஒடைஞ்சு எத்தனை காலமாச்சு. வெரல்ல எச்சி தொட்டு வெச்சுப் பாப்பேன். சுரீர்னுச்சுன்னா தேய்ப்பேன்."

அதை அப்படியே மேடத்திடம் சொன்னேன். நெடுநேரம் சிரித்தார். எச்சிலில் ரோலர் ஓடாது என்றார். "நம்பர் போட்ட குமிழு இருக்கற பொட்டி ஒண்ணு வாங்குங்க. நேரா வெள்ளகோவில் போயி, அதுல உங்கக்காவை மறுபடி தேய்க்கச் சொல்லுங்க. எந்த நம்பருல அதே மினுமினுப்பு வருதுன்னு பாத்துட்டு வாங்க. மீதிய நம்ம ஃபிட்டரு பாத்துக்குவாரு."

திரும்ப அக்காவுக்குச் சொன்னால், அவளுக்கு வேறு கவலை. "இன்னமும் கோவமா கண்ணு? பொட்டி அடியில உன்ற துணி ஒட்டுனது போவவே மாட்டேங்குது. பெட்ஷீட்டுல எல்லாம் கறையாவுது. மாமனுக்குத் தெரியாம சொரண்டிக்கிட்டு இருக்கறேன்."

"புதுசு வாங்கிட்டு வாரேன் அக்கா. உனக்குத்தான்."

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மின்சாமான் கடை. கடைக்காரர் நாலைந்து இஸ்திரிப் பெட்டிகளைக் கண்ணாடி மேல் வரிசையாக எடுத்துவைத்தார். நான் ஒவ்வொன்றின் குமிழையும் திருகி, எண் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஊட்டுக்குங்களா, லாண்டரிக்குங்களா?" என்று கேட்டார்.

"ஃபேக்டரிக்குங்க," என்றேன்.